ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் ஆரம்பக் கல்வியும் கணிப்பீடும்

ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களின் ஆரம்பப் பாடசாலைகள் ஒரே நேரத்தில் இரண்டு அளவுகோல்களுக்குக் கட்டுப்பட்டவை. ஒன்று கலைத்திட்டத்தில் எழுதப்பட்டிருப்பது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வயதுக்குரிய அடிப்படைத் தேர்ச்சிகளை அடைந்ததா, அடையாத பிள்ளைக்கு ஆசிரியர் என்ன செய்தார் என்று அது கேட்கிறது. மற்றது எங்கும் எழுதப்படாதது. இந்த வருடம் ஸ்கொலர்ஷிப்பில், அதாவது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில், எத்தனை பேர் பாஸ் என்று பெற்றோரும் அயல் பாடசாலைகளும் கல்வி அலுவலகங்களும் கேட்கும் கேள்விதான் அது. முதலாவது ஐந்து ஆண்டுகள் முழுவதையும் பார்க்கிறது. இரண்டாவது ஒரு நாள் காலைப் பொழுதை மட்டும் பார்க்கிறது. பாடசாலையின் பெயரும் அதிபரின் பெயரும் இரண்டாவதாலேயே உயர்கின்றன அல்லது தாழ்கின்றன.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் எனப் பதிவானவர்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். மாவட்ட மக்கள்தொகையில் இது நூற்றுக்குப் பதினெட்டு அளவு. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களில் பெரும்பாலான பிள்ளைகளின் முதற் பாடசாலை அவர்கள் வசிக்கும் லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அது பொதுவாகச் சிறிய பாடசாலை. பலவற்றில் தரம் 5 வரைதான் வகுப்பு உண்டு. சிலவற்றில் அதற்கு மேலும் ஓரிரு வகுப்புகள். அதன் பின் பஸ் ஏறிப் பசறைக்கோ பண்டாரவளைக்கோ பதுளை நகருக்கோ போக வேண்டும். ஆகவே தரம் 5 ஒரு வகுப்பின் முடிவு மட்டுமல்ல, பல பிள்ளைகளுக்கு அருகிலிருக்கும் பாடசாலையின் முடிவும் அதுவே. கணிப்பீடு பற்றிய பேச்சு இங்கே சூடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டப் பாடசாலையை எதைக் கொண்டு அளப்பது என்ற சிக்கல் புதிதல்ல. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானதைத் தொடர்ந்து, உதவி பெறும் பாடசாலைகளுக்கான நன்கொடை, பரிசோதகர் வந்து நடத்தும் சோதனையின் பெறுபேற்றோடு இணைக்கப்பட்டது. பிள்ளை வாசித்துக் காட்டினால் பணம், தடுமாறினால் பணம் இல்லை. அந்த ஏற்பாடு பின்னர் கைவிடப்பட்டாலும் அது விதைத்த எண்ணம் போகவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட முகாமையாளர் மீது வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதை மேலும் வலுப்படுத்தியது. சட்டம் வந்தும் பல துரைமார் பாடசாலையை ஒரு செலவாகவே கண்டார்கள். பிள்ளை மடுவம் எனப்படும் தோட்டக் குழந்தைக் காப்பகத்தின் ஓரத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரே வாத்தியார் எல்லா வகுப்புகளையும் வைத்துக்கொண்டு எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றை மட்டும் சொல்லிக் கொடுத்தார். பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்பதே பெரும்பாலும் போதுமான அத்தாட்சியாக இருந்தது. பத்து வயதில் கொழுந்து மலைக்குப் போகவிருக்கும் பிள்ளை எவ்வளவு கற்றது என்று அறிவதில் தோட்ட நிருவாகத்துக்கு எந்த நலனும் இல்லை என்பது சற்றுக் கசப்பான, ஆனால் சரியான விளக்கம்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் 1940களின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்கள் நாட்டின் மற்றப் பகுதிகளை மாற்றியபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் பழைய நிலையிலேயே கிடந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை வெளியே நின்றன. குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பாடசாலைகளுக்காக வாதாட அச்சமூகம் தேர்ந்தெடுத்த எவரும் நாடாளுமன்றத்தில் இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான், 1977 முதல் படிப்படியாக இப்பாடசாலைகள் அரசுப் பாடசாலைகளாயின. 1986 முதல் 1998 வரை சுவீடனின் சீடா நிறுவன உதவியுடன் நடந்த பெருந்தோட்டப் பாடசாலைக் கல்வி அபிவிருத்தித் திட்டம் கட்டடங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் கொண்டுவந்தது. ஜெர்மனியின் உதவியுடன் கொட்டகலை பத்தனையில் உருவான ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, மலையகத்துக்கெனப் பயிற்றப்பட்ட தமிழ் ஆசிரியர்களை முதன்முறையாகத் தொடர்ச்சியாக அனுப்பத் தொடங்கியது. ஆஞ்செலா லிட்டில் 1999இல் வெளியிட்ட பெருந்தோட்டக் கல்வி பற்றிய ஆய்வு நூல் இந்த மாற்றத்தின் அரசியலை விரிவாகப் பதிவுசெய்கிறது. கல்வி தானாக மேலிருந்து இறங்கவில்லை, தொழிற்சங்க அரசியலும் வாக்குரிமை மீண்டதும் வெளிநாட்டு உதவியும் ஒன்றாகச் சேர்ந்த வேளையில் கிடைத்தது என்பதை அதை வாசிப்பவர் உணரலாம்.

ஆசிரியர் பற்றாக்குறை அதன் பின்னும் தீரவில்லை. 2010களின் நடுப்பகுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் தோட்டப் பாடசாலைகளுக்கென நியமிக்கப்பட்டார்கள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் தொடங்கிய அவர்கள் அது 10,000 ஆவதற்கே போராட வேண்டியிருந்தது. இவர்களில் பலர் அதே தோட்டங்களில் பிறந்தவர்கள். பிள்ளையின் வீட்டை அறிந்த ஆசிரியர் என்பது கணிப்பீட்டில் பெரிய பலம். அந்தப் பலத்தை அரசு மலிவு விலைக்கு வாங்கியது.

இனி, இப்பாடசாலைகள் எந்த விழுமியங்களை ஏற்றிருக்கின்றன என்று பார்க்கலாம். தேசியக் கல்வி ஆணைக்குழுவின் 1992ஆம் ஆண்டு அறிக்கை ஐந்து அடிப்படைத் தேர்ச்சிகளை வகுத்தது: தொடர்பாடல், சூழல், சமயமும் ஒழுக்கமும், விளையாட்டும் ஓய்வு நேரப் பயன்பாடும், கற்கக் கற்றல். 2003இல் ஆளுமை விருத்தியும் வேலை உலகுக்குத் தயாராதலும் சேர்ந்து அவை ஏழாயின. 1997ஆம் ஆண்டின் பொதுக் கல்விச் சீர்திருத்தம் இவற்றை ஆரம்ப வகுப்புக்குள் இறக்கியது. முதலில் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கியது. ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாயிற்று: தரம் 1, 2 முதலாவது, தரம் 3, 4 இரண்டாவது, தரம் 5 மூன்றாவது. முதல் நிலையில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் அதிக நேரம், எழுத்து வேலைக்குக் குறைந்த நேரம். மேலே போகப் போக எழுத்து வேலை கூடும். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற நான்கு பாடங்களைச் சுற்றியே வகுப்பறை இயங்கும். அவற்றோடு ஆங்கிலமும் இரண்டாம் தேசிய மொழியும் வாய்மொழியாகத் தொடங்கும்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி கணிப்பீட்டில் இருக்கிறது. பிள்ளை பாடசாலைக்குள் நுழைந்ததுமே அதைப் பெஞ்சில் அமர்த்தி எழுதச் சொல்லக் கூடாது. ஜனவரியில் தரம் 1இன் முதல் நாட்கள் பிள்ளையை இனங்காணலுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஓடவும் குதிக்கவும் படம் கீறவும் கதை சொல்லவும் விட்டு, அது எதைச் செய்ய வல்லது என்பதை ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். அதன் பின்னரே பிள்ளையை முறைப்படி வரவேற்கும் கால்கோள் விழா. முன்பள்ளிக்குப் போன பிள்ளையையும், பிள்ளை மடுவத்தில் ஆயாவின் பராமரிப்பில் மட்டும் இருந்துவிட்டு வந்த பிள்ளையையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிறுத்தாமல் இருக்க இது நல்ல வழி. தோட்டங்களில் இந்த வேறுபாடு நகரத்தைவிடக் கூடுதலாக இருப்பதால் இங்கேதான் இது மிகவும் தேவை. ஆனால் பல இடங்களில் இது படிவம் நிரப்பும் சடங்காகிவிடுகிறது. முதல் வாரத்தில் எழுதிய குறிப்பை மூன்றாம் தவணையில் யாராவது எடுத்துப் பார்க்கிறார்களா என்பதே அதன் உண்மையான சோதனை.

அடுத்தது அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள். ஒவ்வொரு முதன்மை நிலையின் இறுதியிலும் எல்லாப் பிள்ளைகளும் அடைந்தே ஆக வேண்டியவை என இவை பட்டியலிடப்பட்டுள்ளன. இதில் முதலாமிடம், இரண்டாமிடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளையை மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாமல் தேர்ச்சியோடு ஒப்பிட வேண்டும். அடையாதவருக்குப் பரிகாரக் கற்பித்தல் செய்ய வேண்டும். அடைந்தவருக்கு மேலதிக வேலை கொடுக்க வேண்டும். ஆரம்ப வகுப்புகளில் பிள்ளைகள் ஒரே வகுப்பில் நிறுத்தப்படுவதில்லை, ஆண்டு முடிய அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். எனவே இந்தப் பரிகாரம் நடக்காவிட்டால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை தடையில்லாமல் தரம் 5 வரை வந்து சேரும். கலைத்திட்டத்தின் தாராள மனம் அந்தப் பிள்ளைக்கு அப்போது எந்தப் பயனும் தராது.

சிறிய தோட்டப் பாடசாலைகளில் இரண்டு மூன்று வகுப்புகளை ஓர் ஆசிரியர் சேர்த்தே நடத்துவது வழமை. பல்தரக் கற்பித்தல் என்று பயிற்சிப் பட்டறைகளில் இதற்குப் பெயர். ஆசிரியர்கள் பெரும்பாலும் இதை ஒரு தண்டனையாகவே சொல்வார்கள். ஆனால் கணிப்பீட்டின் கண்ணோட்டத்தில் இதற்கு ஒரு நன்மை உண்டு. ஒரே ஆசிரியர் பிள்ளையை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கிறார். தரம் 2இல் கழித்தலில் கடன் வாங்கத் தடுமாறிய பிள்ளை தரம் 4இல் வகுத்தலில் ஏன் தடுமாறுகிறது என்று சொல்ல அவருக்கு எந்தப் பதிவேடும் தேவையில்லை. நகரத்தில் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆண்டுக்கொரு ஆசிரியர் மாறும்போது இந்த அறிவு ஒவ்வொரு டிசம்பரிலும் அழிந்துபோகிறது. மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக் கொடுப்பதும் இங்கே இயல்பாக நடக்கிறது. கற்றதை இன்னொருவருக்கு விளக்க முடிகிறதா என்பதைவிட நல்ல சோதனை குறைவு. அந்த விளக்கத்தை ஆசிரியர் காது கொடுத்துக் கேட்டால் அதுவே கணிப்பீடு.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் தோட்டப் பிள்ளைக்குப் பெரிய வாய்ப்பு. மாலையில் கொழுந்து நிறுப்பதை அது தினமும் பார்க்கிறது. அன்றைக்கு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) விழ எத்தனை கிலோ வேண்டும், சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள், மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு என்பவை வீட்டில் அடிக்கடி நடக்கும் வாக்குவாதங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். கணக்கின் வடிவம் மாறாது. கழித்தலும் பெருக்கலும் நிறை அளத்தலும் தராசடியில் தயாராக இருக்கும்போது, பாடநூலில் உள்ள மாம்பழக் கணக்கை மட்டும் கொடுத்துப் புள்ளி போடுவது சோம்பேறித்தனம். மண்சரிவு, ஓடை, அட்டை, தேயிலைச் செடியின் கவ்வாத்து ஆகியவை பற்றிப் பிள்ளை சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளக் கலைத்திட்டம் முழு அனுமதி தருகிறது. அந்த அனுமதியைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு தவணை முடிவிலும் வலய மட்டத்தில் அச்சிட்டு வரும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து விடை திருத்துவதே பரவலான வழக்கம்.

மொழியும் இதில் சேரும். வீட்டில் பேசும் மலையகத் தமிழுக்கும் வினாத்தாளின் எழுத்துத் தமிழுக்கும் இடையிலான தூரம் சிறிதல்ல. விடை தெரிந்தும் வினா விளங்காததால் புள்ளி இழக்கும் பிள்ளைகள் உண்டு. அயலில் உள்ள சிங்களக் கிராமத்துக் கடையில் சரளமாகச் சிங்களம் பேசும் பிள்ளையின் திறமையும் எழுத்துப் பரீட்சையில் ஏறாது. வாய்மொழிக் கணிப்பீடு இவ்விரண்டையும் வெளிக்கொணரும். அதற்கு வினாத்தாள் வேண்டாம். பிள்ளையோடு பேச ஐந்து நிமிடம் வேண்டும்.

இவை எல்லாவற்றின் மேலும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை உட்கார்ந்திருக்கிறது. 1940களில் கன்னங்கராவின் மத்திய பாடசாலைகளுக்குத் திறமையுள்ள ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கத் தொடங்கியது அது. நோக்கம் நேர்மையானது. இன்று அது இரண்டு வேலை செய்கிறது: வருமானம் குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்குவது, பிரபல பாடசாலைகளில் தரம் 6க்கு இடம் கொடுப்பது. 200 புள்ளிகளுக்கு இரண்டு வினாத்தாள்கள். மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி. 2024இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரம் பேர் தோற்றியதில் வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றவர்கள் சுமார் 51 ஆயிரம் பேர், அதாவது ஆறு பேருக்கு ஒருவர் அளவில். மற்ற ஐவருக்கும் பத்து வயதிலேயே கிடைக்கும் செய்தி ஒன்றுதான். அதே ஆண்டு மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதால் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. எல்லாருக்கும் அவ்வினாக்களுக்கான புள்ளியை வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சை நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று என்றால் அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கும் பாரத்தைச் சொல்லத் தேவையில்லை.

தோட்டப் பிள்ளைக்கு இதனால் என்ன கிடைக்கிறது? உதவிப்பணம் கிடைத்தால் நல்லது. முன்னர் மாதம் 750 ரூபாவாக இருந்த அது 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கப்பட்டது. கொப்பிகளுக்கும் பஸ் கட்டணத்தின் ஒரு பகுதிக்கும் உதவும். பாடசாலை இடம் வேறு விடயம். மடுல்சீமையின் மேற்கணக்கு லயத்திலிருந்து பதுளை நகரப் பாடசாலைக்குத் தினமும் போய்வர முடியாது. விடுதி வேண்டும், அல்லது உறவினர் வீடு வேண்டும். இடம் கிடைத்தும் போகாமல் விடுவதைத் தோட்டங்களில் யாரும் வியப்பாகப் பேசுவதில்லை. ஆனால் அந்த இடத்துக்கான தயாரிப்பு எல்லாப் பிள்ளைகளின் வகுப்பறையையும் மாற்றிவிடுகிறது. தரம் 4இன் நடுப்பகுதியிலிருந்தே மாதிரி வினாத்தாள், மாலை வகுப்பு, சனி ஞாயிறு டியூசன். பாடலும் சித்திரமும் விளையாட்டும் முதலில் கைவிடப்படுகின்றன. அதைவிட மோசமானது ஆசிரியர் பகிர்வு. அனுபவமுள்ள ஆசிரியரைத் தரம் 5க்குப் போட்டுவிட்டுப் புதிதாக வந்தவரைத் தரம் 1க்குப் போடும் அதிபரைக் குறைசொல்வது எளிது. அவரையும் அதே பெறுபேற்றால்தான் அளக்கிறார்கள். இப்பரீட்சை கட்டாயமில்லை என்று கல்வி அமைச்சு அறிவித்துச் சில ஆண்டுகள் ஆயிற்று. நடைமுறையில் அந்த அறிவித்தலுக்குப் பெரிய விளைவு இல்லை.

புள்ளி கற்றலை வளர்க்கிறதா என்பதில் உலக ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே பேசியுள்ளன. ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், ஒரு குழுவுக்குப் புள்ளி மட்டும், ஒரு குழுவுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், மற்றக் குழுவுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பு அந்தப் பயனைத் தரவில்லை. பத்து ஆண்டுகளின் பின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து, கற்கும்போதே நடக்கும் கணிப்பீடு பின்தங்கிய பிள்ளைகளுக்கே கூடுதலாக உதவுகிறது என்று காட்டினார்கள். இலங்கையின் 1997 சீர்திருத்தமும் இதே திசையைத்தான் தெரிந்தெடுத்தது. கொப்பியில் சிவப்புப் பேனையால் பத்துக்கு நான்கு என்று எழுதிவிட்டுப் போவதைவிட, அந்த நான்கில் எது சரி, அடுத்து எதைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவது ஆசிரியருக்குப் புதிய கட்டடமோ கணினியோ கேட்கும் வேலையல்ல.

நாட்டளவிலான அடைவு ஆய்வுகள் வேறொரு வகை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003 முதல் சில ஆண்டுகளுக்கொரு முறை தரம் 4 மாணவரின் முதல்மொழி, கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றை மாதிரி அடிப்படையில் அளந்துவந்தது. இதில் எந்தப் பிள்ளைக்கும் தனிப் பெறுபேறு இல்லை. நோய் எங்கே என்று பார்ப்பதே நோக்கம். தமிழ்மொழிமூலச் சராசரி சிங்களமொழிமூலத்துக்குப் பின்தங்கியதை இவை திரும்பத் திரும்பக் காட்டின. கொவிட் காலப் பாடசாலை மூடல்களின் பின் யுனிசெப் ஆதரவுடன் நடந்த தரம் 3 ஆய்வில், எழுத்தறிவில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்றவர்கள் நூற்றுக்கு 34 பேர், எண்ணறிவில் 7 பேர் மட்டுமே. இந்த எண்கள் தரம் 5இன் ஒரு நாள் வினாத்தாளில் ஒருபோதும் தெரியவராது. அது மேலே உள்ளவர்களைப் பிரித்தெடுப்பதற்கான கருவி. கீழே உள்ளவர்களைக் கண்டுபிடிப்பதற்கானது அல்ல.

பிள்ளையின் உடம்பையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கணிப்பீடு பேச முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17. தோட்டப் பகுதியில் 32. அந்தப் பிள்ளைகளே பின்னர் ஆரம்ப வகுப்புகளுக்கு வந்தார்கள். மதிய உணவு நிறுத்தப்பட்ட நாளில் வரவு குறைவதை எந்த ஆசிரியரும் இடாப்பைப் பார்த்தே சொல்வார். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை கடுமையாக இருக்கும் மலைச்சரிவுகளில் பாதையே பாடசாலையைத் தீர்மானிக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள்; அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போகப் பெற்றோர் இல்லை. அவ்வாண்டின் மூன்றாம் தவணைப் புள்ளியை வைத்து அப்பிள்ளைகளை எவரும் அளந்திருக்க முடியாது. ஆசிரியரின் நெகிழ்வான கணிப்பீடு ஏன் தேவை என்பதற்கு ஊவாவில் இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புலமைப்பரிசில் பரீட்சையை ஒரே நாளில் ஒழிப்பதும் தீர்வாகாது. நல்ல இடைநிலைப் பாடசாலைகள் பசறையிலும் லுணுகலையிலும் கொஸ்லந்தையிலும் போதிய அளவில் இல்லாதவரை, ஏதோவொரு தெரிவு நடந்துகொண்டேயிருக்கும். பரீட்சை போனால் அந்த இடத்தைச் செல்வாக்கும் நன்கொடையும் பிடித்துக்கொள்ளும். தோட்டப் பெற்றோர் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் அந்தப் பரீட்சையைத் திட்டினாலும் விட மறுக்கிறார்கள். மாற்றத்தக்கது பாடசாலையை அளக்கும் முறை. ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் வலய மீளாய்வுக் கூட்டங்களில் அதிபர்களிடம் கேட்கும் முதற் கேள்வியை மாற்றலாம். ஸ்கொலர்ஷிப்பில் எத்தனை என்பதை இறுதிக்குத் தள்ளிவிட்டு, தரம் 2 முடிவில் தடங்கலின்றி வாசிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், வாசிக்காதவர்கள் யார் யார், அவர்களுக்கு எந்த ஆசிரியர் பொறுப்பு என்று முதலில் கேட்கட்டும். அதற்குச் சட்டமும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம். தேவையான அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிப் பட்டியல் ஏற்கனவே ஒவ்வொரு வகுப்பாசிரியரின் அலுமாரியிலும் இருக்கிறது.